தாளின் தலை

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குக் கண் கிடையாது. தனக்குள் ஓடும் காகிதம் எங்கே தொடங்கியது, அடுத்த தாளின் மேல்விளிம்பு எப்போது வரும் என்பதை அது எண்ணித்தான் அறிகிறது. காகிதம் மாட்டுபவர் ஓரிடத்தில் நிறுத்தி, முதல் தாளின் தலை இது என்று காட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு மோட்டார் எத்தனை படி நகர்ந்தது என்ற கணக்கு ஒன்றுதான் பொறியின் கையில் இருக்கிறது. கணக்கும் காகிதமும் சேர்ந்து நகரும்வரை பில்லின் தொகை அதற்குரிய கட்டத்தில் விழும். இரண்டும் பிரிந்துவிட்டால், பிரிந்தது தெரியாமலே பொறி அடித்துக்கொண்டு போகும். இந்தப் பிரிண்டரின் தொல்லைகளில் பெரும்பங்கு காகிதம் மாட்டும்போதே விதைக்கப்பட்டுவிடுகிறது.

ஊசிகளால் மை நாடாவைக் குத்திப் புள்ளி புள்ளியாக எழுத்தை உண்டாக்கும் பிரிண்டர்கள் 1960களின் கடைசியிலிருந்து பரவத் தொடங்கின. ஜப்பானின் ஓகி நிறுவனம் 1968இல் ‘வயர்டாட்’ பிரிண்டரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் 101 வந்தது 1970இல். இவற்றைச் சிறிய அலுவலகத்தின் மேசைக்குக் கொண்டுவந்தது 1980இல் வெளியான எப்சன் எம்எக்ஸ்-80. ஒன்பது ஊசி, வினாடிக்கு 80 எழுத்து. அடுத்த ஆண்டு ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரோடு தன் பெயரைப் பொறித்து விற்ற பிரிண்டரும் உள்ளுக்குள் இதேதான். எப்சன் வகுத்த கட்டளைகள் நாளடைவில் இந்தத் துறைக்கே பொதுமொழியாகிவிட்டன. இந்தியக் கடைகளில் இன்று ஓடும் எப்சன் எல்எக்ஸ் வரிசையும், சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் எம்எஸ்பி வரிசையும் அந்த மொழியைப் புரிந்துகொள்கின்றன.

லேசரும் இங்க்ஜெட்டும் வந்த பின்னும் இது ஒழியாததற்குப் பழைமைப் பற்று காரணமல்ல. ஊசி காகிதத்தை உண்மையிலேயே அடிக்கிறது. அடிப்பதால் அடியில் இருக்கும் தாளிலும் பதிகிறது. சரக்கு விற்பனைக்கான ஜிஎஸ்டி பில் மூன்று படிகளாக இருக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் விதிகள்: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கை ஏற்றிச் செல்பவருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. மருந்து மொத்த வியாபாரியும் லாரி புக்கிங் ஆபீஸும் இந்த மூன்றையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுகிறார்கள். மூன்றும் ஒரே அடியில் பிறந்தவை என்பதால், ஒன்றில் உள்ள தொகை இன்னொன்றில் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. தெர்மல் பிரிண்டரின் சீட்டு கடும் சூட்டில் கருத்துப்போகலாம், அல்லது சில மாதங்களில் வெளிறலாம். நாடா மை அப்படிப் போவதில்லை.

காகிதத்திலிருந்தே தொடங்கலாம். இருபுறமும் ஓட்டை வரிசை கொண்ட, தாளுக்குத் தாள் துளைக்கோட்டில் மடிந்து பெட்டியில் அடுக்கியிருக்கும் இந்தத் தொடர்தாள், கடைகளில் ‘கம்ப்யூட்டர் ஸ்டேஷனரி’ என்று விற்கப்படுகிறது. இந்தியாவில் அதிகம் புழங்கும் அளவுகள் பத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்துக்குப் பன்னிரண்டு. முதலாவது வரிக்கு 80 எழுத்து அடிக்கும் 80 பத்திப் பிரிண்டருக்கு, இரண்டாவது அகலமான 132 பத்திப் பிரிண்டருக்கு. மூன்றாவதாகச் சொல்லப்படும் எண் எத்தனை படி என்பது. அமெரிக்காவில் தாளின் நீளம் 11 அங்குலம். இந்த ஓர் அங்குல வேறுபாடு பின்னால் ஒரு பெரிய தொல்லையாக வரும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி அரை அங்குலம். 12 அங்குலத் தாளின் ஒரு பக்கத்தில் 24 ஓட்டைகள். சாதாரண வரி இடைவெளியில் அங்குலத்துக்கு 6 வரி. ஆகவே ஓர் ஓட்டை நகர்ந்தால் மூன்று வரி, ஒரு தாளுக்கு 72 வரி. பில் புரோகிராம் எழுதியவர்கள் இந்த 72ஐ மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தலைப்புக்கு இத்தனை, அடிக்கூட்டலுக்கு இத்தனை என்று கழித்து, சரக்கு வரிகளுக்கு மிஞ்சுவதைக் கணக்கிடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

ஓட்டைகளைப் பிடித்து இழுக்கும் பல்வரிசைக்கு டிராக்டர் என்று பெயர். சைக்கிள் செயினும் பல்சக்கரமும் போலத்தான்: பல் ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும்வரை வழுக்கல் கிடையாது. வழுக்காததால்தான் கண்ணில்லாத பொறியின் கணக்கை நம்ப முடிகிறது. தனித்தாளை ஓட்டும் முறையில் இந்த உறுதி இல்லை. அங்கே ரப்பர் உருளையும் அதை அழுத்தும் சிறு உருளைகளும் தாளைக் கவ்வி இழுக்கின்றன. அவ்வப்போது ஒரு தாள் கோணலாகப் போவது அங்கே இயல்பு.

மாட்டும் முறை எளியது என்றாலும் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. முதல் வேலை, பக்கவாட்டில் இருக்கும் சிறு லீவரைத் தொடர்தாள் நிலைக்குத் தள்ளுவது. அது தனித்தாள் நிலையிலேயே இருந்தால் அழுத்து உருளைகளும் காகிதத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். டிராக்டர் ஒரு வேகத்தில் தள்ள, உருளை இன்னொரு வேகத்தில் இழுக்க, இரண்டுக்கும் நடுவே காகிதம் புடைத்து மடிந்து சிக்கும். பிரிண்டர் ‘ரிப்பேர்’ என்று மெக்கானிக்கை வரவழைத்து, அவர் ஒரு விரலால் லீவரைத் தள்ளிவிட்டுப் பணம் வாங்கிப் போவது பல கடைகளில் நடப்பதுதான். அதில் அவர்மேல் குற்றமில்லை. லீவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று காட்டும் குறி பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த, வண்ணமில்லாத சின்னப் படம். தூசி படிந்தால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து டிராக்டரின் இரு மூடிகளையும் திறந்து, இடப்பக்கத்துப் பல்லில் முதல் இரண்டு மூன்று ஓட்டைகளை மாட்டி மூடவேண்டும். எழுத்து தொடங்கும் இடத்தைத் தீர்மானிப்பது இந்த இடப்பக்கம் என்பதால் இதை ஒருமுறை சரிபார்த்துப் பூட்டிவிட்டால் அப்புறம் தொடத் தேவையில்லை. வலப்பக்கத்தில் அதே வரிசை ஓட்டையை மாட்டுகிறோமா என்பதைக் குனிந்து பார்ப்பது நல்லது. ஓர் ஓட்டை முன்பின்னாகப் போனால் முதல் தாள் எப்படியோ ஓடிவிடும். பிறகு ஒரு பக்க ஓட்டைகள் மட்டும் நீள்வட்டமாகக் கிழியத் தொடங்கும், காகிதம் சாயும், சற்று நேரத்தில் பல்லைவிட்டு வெளியேறும். இரண்டு பக்கமும் மாட்டியபின் வலப்பக்கத்து டிராக்டரைத் தொய்வு போகும் அளவுக்கு நகர்த்திப் பூட்டவேண்டும். விறைப்பாக இழுத்தால் ஓட்டை கிழியும். தளர விட்டால் நடுவில் அலைபோல் எழும்பி, ஊசிகளைத் தாங்கி ஓடும் ஹெட்டில் உரசும். சரியான இழுப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பல் ஒவ்வொன்றும் ஓட்டையின் நடுவில் நிற்க வேண்டும், எந்த ஓரத்தையும் அழுத்தக் கூடாது. அகலக் காகிதமானால் இடையிலுள்ள தாங்கியையும் நடுவுக்கு நகர்த்திவைக்க வேண்டும்.

பிறகு லோட் பொத்தான். பொறி காகிதத்தை உள்ளே இழுத்துத் தன் தொடக்க இடத்தில் நிறுத்துகிறது. அந்த இடம் சற்று மேலோ கீழோ இருந்தால், நுண்நகர்வுப் பொத்தான்களால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும். கையால் குமிழைத் திருகக் கூடாது. மின்சாரம் ஓடும்போது பக்கவாட்டுக் குமிழைத் திருகினால் காகிதம் நகரும். பொறியின் எண்ணிக்கை நகராது. அந்த ஒரு திருகலுக்குப் பின் வரும் ஒவ்வொரு பில்லும் அதே அளவு விலகியே அடிக்கப்படும். திருகியவருக்கோ, பார்வைக்குச் சரியாக நிற்கும் காகிதத்தில் என்ன தப்பு என்று விளங்காது. பழைய மாடல்கள் பலவற்றில் பிரிண்டரை அணைத்துக் காகிதத்தைக் கையால் நிறுத்தி மறுபடி போட்டால், நிற்கும் இடத்தையே புதுத் தலையாக எடுத்துக்கொள்ளும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்ற கடைவைத்தியத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இவ்வளவுதான்.

பிரிண்டரை வைக்கும் இடமும் மாட்டும் வேலையில் சேர்ந்ததே. பெட்டி பிரிண்டருக்கு நேர் பின்னாலோ நேர் கீழோ இருக்கவேண்டும். ஒரு சாண் விலகியிருந்தாலும் காகிதம் கோணத்தில் ஏறும். அட்டைப் பெட்டியின் உள்மடிப்பு ஓரத்தில் தாள் தட்டுவது, மேசை விளிம்பில் உராய்வது, கேபிளின்மேல் ஏறுவது எல்லாம் டிராக்டரைப் பின்னுக்கு இழுக்கும் சுமைகள். இன்னொரு விபத்து சுவரோரத்தில் நடக்கும். அடித்து வெளிவரும் காகிதம் சுவரில் முட்டித் திரும்பி, உள்ளே போகும் காகிதத்தோடு சேர்ந்து மறுபடியும் உள்ளே போய்விடும். கணக்கு முடிக்கும் நாளில் நீளமான ரிப்போர்ட்டை ஓடவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பிவந்து பார்க்கும் காட்சி அது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பிரித்து வைத்த காகிதம் ஓரம் சுருண்டுபோகும்; பாதிப் பெட்டியை மழைக்காலம் முழுக்கத் திறந்து வைத்திருந்தால் மேலேயுள்ள சில தாள்களைத் தள்ளிவிட்டுத் தொடங்குவதே மிச்சம்.

கோளாறு என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தவறு பிரிண்டரிலா கம்ப்யூட்டரிலா என்பது. பதில் பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது. எப்சன் எல்எக்ஸ் மாடல்களில் எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், கேபிளைக் கழற்றியிருந்தாலும் தானாகவே எழுத்துவரிசையை அடித்துக் காட்டும். அது ஒழுங்காக வந்தால் ஹெட், நாடா, மோட்டார் எல்லாம் நலம். கேபிளையும் டிரைவரையும் பார்க்க வேண்டியதுதான். அதே பொத்தானோடு லோட்/எஜெக்ட் பொத்தானையும் சேர்த்துப் பிடித்து இயக்கினால் இன்னொரு வேடிக்கை: கம்ப்யூட்டர் அனுப்புவது எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல், வந்த ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாக அச்சிட்டுவிடும். 0டி என்றால் வரித்தொடக்கத்துக்குத் திரும்பு, 0ஏ என்றால் அடுத்த வரி, 0சி என்றால் அடுத்த தாள், 1பி வந்தால் பின்னால் வருவது கட்டளை. சந்தேகத்துக்கிடமான புரோகிராம் தாளுக்கு எத்தனை வரி அனுப்புகிறது என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் கருவி எதுவும் மேசையில் கிடையாது.

தாளுக்குத் தாள் அச்சு நகர்ந்துகொண்டே போவதுதான் கடைகளில் அதிகம் கேட்கும் புகார். பல பிரிண்டர்கள் 11 அங்குலத் தாளுக்கான அமைப்போடு வருகின்றன. அதில் 12 அங்குலக் காகிதத்தை மாட்டினால், முதல் பில் சரியாக இருக்கும், இரண்டாவது முதல் தாளின் அடியில் ஓர் அங்குலம் ஏறித் தொடங்கும், மூன்றாவது இரண்டங்குலம். பன்னிரண்டு தடவை 11 அங்குலம் நகர்ந்தால் 132 அங்குலம், அதாவது சரியாகப் பதினோரு தாள். ஆகவே பதின்மூன்றாவது பில் மறுபடியும் தாளின் தலையில் கச்சிதமாக உட்காரும். தானாகச் சரியாகிவிட்டது என்று அப்போது யாராவது சொல்வார்கள். விண்டோஸில் இந்தத் தவறு இன்னும் நாசூக்கானது. டிரைவரில் ஏ4 என்று தேர்ந்திருந்தால் நீளம் 297 மில்லிமீட்டர். 12 அங்குலம் என்பது 304.8. தாளுக்கு 7.8 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஏறக்குறைய இரண்டு வரி. ஒரு பில் மட்டும் அடித்துக் கிழிப்பவர் கண்ணுக்கு இது படாது. பத்துப் பில்லைச் சேர்த்து அடிக்கும் நாளில்தான் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு என்ற அளவைப் பிரிண்ட் சர்வர் அமைப்பில் ஒரு புதிய படிவமாக உண்டாக்கி டிரைவரில் அதைத் தேர்வதே இதற்கு மருந்து. ஆறங்குல அரைத்தாள் பில்களில் பொறி 12 என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒன்றுவிட்டு ஒரு பில் வெறுமையாக வெளியேறும். முன்கூட்டியே வரிசை எண் அச்சிட்ட பில்களானால் ஒவ்வொரு வெற்றுப் பில்லையும் ரத்து என்று எழுதிக் கோப்பில் வைக்க வேண்டியிருக்கும்.

துளைக்கோட்டைத் தாண்டிக் குதிக்கும் வசதி ஒன்றும் உண்டு. தாளின் அடியில் ஓர் அங்குலத்தைத் தொடாமல் அடுத்த தாளுக்கு அது போய்விடும். வெறும் பட்டியல் அடிக்கையில் உதவும். தானே வரிகளை எண்ணிப் பக்கம் பிரிக்கும் புரோகிராமோடு சேர்ந்தாலோ இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் எழுதிய கதைதான். வரிக்கு வரி நடுவே ஒரு வெற்று வரி வந்தாலும் இதே வகைச் சண்டை: வரி நகர்த்தும் கட்டளையைக் கம்ப்யூட்டரும் தருகிறது, பிரிண்டரும் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டுமே செய்யாவிட்டால் எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து காகிதமே கிழிந்துபோகும்.

மின்வெட்டு இந்த வகையில் தனிக் கவனம் கேட்பது. அகலமான ரிப்போர்ட்டை 80 பத்திப் பிரிண்டரில் அடக்க, புரோகிராம் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை 15 என்ற குறியீட்டை அனுப்பி எழுத்தைச் சுருக்கச் சொல்கிறது. அங்குலத்துக்கு 10 எழுத்து என்பது 17ஆகிவிடும். நடுவில் மின்சாரம் போய் வந்தால் பிரிண்டர் இரண்டையும் மறந்திருக்கும், சுருக்கத்தையும் தலையையும். மீதி ரிப்போர்ட் பெரிய எழுத்தில், வரி மடிந்து, ஒரு வரி இரண்டாகி, பக்கக் கணக்கும் குலைந்து வெளிவரும். விட்ட இடத்திலிருந்து தொடர முயல்வது வீண். காகிதத்தைப் புதிதாக ஏற்றி, ரிப்போர்ட்டை முதலிலிருந்து அனுப்புவதே சுருக்கமான வழி.

எண்ணிக்கையை விட்டால் அடுத்தது அழுத்தம். ஹெட்டுக்கும் உருளைக்கும் இடையிலான தூரத்தை ஒரு லீவர் கூட்டிக் குறைக்கிறது. ஒற்றைத் தாளுக்கு மிக நெருக்கமான நிலை, படிகள் கூடக் கூட விலகிய நிலை. மிக நெருங்கினால் நாடா காகிதத்தில் உரசி மை ஈஷும், துளைக்கோடு ஹெட்டில் மாட்டும். மிக விலகினால் முதல் படி மங்கும், மூன்றாவது படியில் எழுத்தே விழாது. கடைகளில் நடப்பது இப்படி: நாடா காய்ந்து எழுத்து மங்குகிறது, புது நாடா வாங்காமல் லீவரை ஒரு படி நெருக்குகிறார்கள், எழுத்துக் கருக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் உழைத்துத் தேய்ந்த நைலான் நாடாவில் ஏற்கெனவே நூல் பிரிந்திருக்கும். நெருங்கிய இடுக்கில் ஓடும் ஹெட்டின் ஊசிமுனை அந்த நூலில் மாட்டுகிறது. ஹெட் நகர, ஊசி வளைகிறது அல்லது ஒடிகிறது. சிறிய நாடாச் செலவை மிச்சம் பிடித்ததற்கு ஹெட்டையே மாற்ற நேர்கிறது. மை ஊறவைத்த பழைய நாடாவை மறுபடி மறுபடி போடுவதிலும் இதே ஆபத்து. மையைப் புதுப்பிக்கலாம், துணியைப் புதுப்பிக்க முடியாது.

நாடா மாற்றுவதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. அச்சடித்து முடித்த கையோடு ஹெட்டைத் தொட்டால் விரல் சுடும். ஊசிகளை இயக்கும் கம்பிச்சுருள்களின் சூடு அது. நீளமான ரிப்போர்ட்டின் நடுவே பிரிண்டர் சற்று நின்று நின்று அடித்தால் கோளாறு என்று பதற வேண்டாம், அது தன்னைத்தானே ஆறவைத்துக்கொள்கிறது. இரண்டாவது, கேசட்டை உட்காரவைத்த பின் நாடா ஹெட்டுக்கும் மெல்லிய வழிகாட்டித் தகட்டுக்கும் நடுவே மடிப்பில்லாமல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, குமிழை அம்புக்குறிப் பக்கம் திருகித் தொய்வை எடுக்கவேண்டும். இந்தக் குமிழைத் திருகுவதில் தவறில்லை. நாடா சரியான உயரத்தில் உட்காராவிட்டால் எழுத்துகளின் கீழ்ப்பாதி மட்டும் மங்கும் அல்லது மறையும்; பார்த்தவுடன் ஊசி போய்விட்டது என்று தோன்றும்.

உண்மையிலேயே ஊசி போனால் அடையாளம் வேறு. வரி நெடுக, எல்லா எழுத்திலும் ஒரே உயரத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். எந்த ஊசி என்பதைப் பொறுத்துத்தான் தீங்கு. ஒன்பது ஊசியில் மேல் ஏழு எழுத்தின் உடம்பை வரைகின்றன. அடியிலுள்ளவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் வாலுக்கும் அடிக்கோட்டுக்கும். பெரிய எழுத்திலேயே பில் போடும் கடையில் கடைசி ஊசி ஒடிந்து வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருக்க முடியும். நடு ஊசி போனால் நிலைமை மாறுகிறது. 8இன் இடுப்பு மறைந்து 0 போலத் தெரியும். பணத்தொகை அச்சாகும் இடத்தில் இது வெறும் அழகுக்குறையாக நிற்காது. அப்போதே ஹெட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் ஒடிந்ததா, மை உறைந்து சிக்கியதா, ஹெட்டுக்குப் போகும் தட்டையான கேபிள் உள்ளுக்குள் அறுந்ததா என்று பிரித்தறிந்த பிறகே மாற்ற வேண்டும். உறைந்த மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரையும். அந்தக் கேபிளோ ஹெட்டோடு சேர்ந்து இடமும் வலமும் மடங்கி மடங்கி உழைப்பது. அது அறுந்தால் புள்ளி ஒருசமயம் வரும், ஒருசமயம் வராது, அதுவும் பெரும்பாலும் தாளின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலேயே விடுபடும். ஒடிந்த ஊசி அப்படி இடம் பார்க்காது.

செங்குத்துக் கோடுகள் நெளிந்தால் காரணம் இருதிசை அச்சு. நேரத்தை மிச்சப்படுத்த ஹெட் போகும்போதும் அடிக்கிறது, திரும்பும்போதும் அடிக்கிறது. இரண்டு திசையிலும் ஊசி பாயும் தருணம் துளி விலகினால் கட்டம் போட்ட பில்லின் கோடு ஒரு வரி இடமாக, ஒரு வரி வலமாக உடையும். அமைப்பு முறையில் இதைச் சீராக்க வழி உண்டு. அவசரத்துக்கு ஒருதிசை அச்சுக்கு மாற்றிவிடலாம், வேகம் குறையும். ஹெட் ஓடும் இரும்புத்தண்டில் காகிதத் தூளும் பழைய எண்ணெயும் பிசினாகிப் போனால் ஹெட் பாதிவழியில் நின்று பீப் ஒலி கிளப்பும். துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு இட்டால் போதும். கெட்டியான கிரீஸைத் தடவினால் அடுத்த மாதம் அதே தூள் இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

தமிழில் அச்சிடும்போது காகித ஓட்டத்தின் நேர்மை இன்னொரு விதத்தில் சோதிக்கப்படுகிறது. ஒன்பது புள்ளி உயரத்துக்குள் கொம்பும் சுழியும் மேல்விலங்கும் அடங்குவதில்லை. ஆகவே தமிழ் வரி பெரும்பாலும் எழுத்தாக அனுப்பப்படாமல் படமாகவே அனுப்பப்படுகிறது: எட்டுப் புள்ளி உயரமுள்ள பட்டைகளாக வெட்டி, ஒரு வரியை இரண்டு மூன்று ஓட்டங்களில் அடிக்க வேண்டும். பட்டைக்குப் பட்டை காகிதம் ஓர் அங்குலத்தின் ஒன்பதில் ஒரு பங்கு நகர வேண்டும், கூடாமல் குறையாமல். டிராக்டரில் தொய்வு இருந்தால் ஆங்கிலப் பில்லில் வரி இடைவெளி கொஞ்சம் ஏறியிறங்குவதோடு போய்விடும். தமிழ்ப் பில்லில் எழுத்தின் நடுவே வெள்ளைக் கீறல் விழும், அல்லது மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஊசி போன கோடு எல்லா வரியிலும் ஒரே இடத்தில் இருக்கும். இந்தக் கீறல் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். 24 ஊசிப் பிரிண்டர்களில் ஒரே ஓட்டத்தில் வரும் உயரம் கூடுதல் என்பதால் தொல்லை குறைவு. வங்கிகளில் பாஸ்புக் அடிக்கும் பிரிண்டர்கள் பெரும்பாலும் அந்த வகை.

புரியாத குறிகளும் சின்ன முகங்களும் அச்சானால் பிரிண்டர் ஒரு மொழியில் கேட்டுக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் வேறு மொழியில் பேசுகிறது என்று அர்த்தம். எப்சன் முறைக்கும் ஐபிஎம் முறைக்கும் இடையே அமைப்பை மாற்றிப் பார்க்கலாம். அவ்வப்போது மட்டும் ஓர் எழுத்து மாறினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். பழைய இணைக் கேபிளில் எட்டு கம்பி எழுத்தைக் கொண்டுபோக, இன்னும் சில பொறியின் நிலையைத் திருப்பிச் சொல்கின்றன. அவற்றில் பன்னிரண்டாவது கம்பியின் வேலை ஒன்றே ஒன்று: காகிதம் தீர்ந்தது என்று சொல்வது. காகிதத்தைப் பற்றிப் பொறி கம்ப்யூட்டருக்குச் சொல்லக்கூடியது அவ்வளவே. தாள் கோணலாக இருக்கிறது, தலை விலகியிருக்கிறது என்று சொல்லக் கம்பி எதுவும் ஒதுக்கப்படவில்லை. பிழை உண்டு, காகிதமும் இருக்கிறது, பிரிண்டரும் இணைப்பில் இருக்கிறது என்று நிலைக்கம்பிகள் முரணாகச் சொன்னால், பிரிண்டர் தீப்பிடித்துவிட்டது என்று செய்தி தரும் பழக்கம் யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் நெடுங்காலம் இருந்தது. வேறெந்த விளக்கமும் மிச்சமில்லை என்று புரோகிராமர்கள் நினைத்திருக்க வேண்டும்.

காகிதம் சிக்கிக்கொண்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பெட்டிப் பக்கத்துத் தாளைத் துளைக்கோட்டில் கிழித்துப் பிரித்து, டிராக்டர் மூடிகளைத் திறந்து, குமிழை மெல்லத் திருகி எடுக்கலாம். அணைத்த பொறியில் குமிழுக்குத் தடையில்லை. வெடுக்கென்று இழுத்தால் ஓர் ஓட்டைக் கீற்று உருளைக்குப் பின்னால் அறுந்து தங்கும். அடுத்து ஏற்றும் நல்ல காகிதமும் அதில் முட்டிச் சிக்கும், குற்றம் புதுக் காகிதத்தின்மேல் விழும்.

வேலை முடிந்து காகிதத்தைக் கழற்றும்போது, அடித்த தாளைத் துளைக்கோட்டில் கிழித்தெடுத்த பின்னரே பின்னோக்கி இழுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஓரிரு தாளுக்குமேல் பின்னால் ஓட்டினால் கோணலாகித் திரும்பச் சிக்கும். பல படித் தாளானால் மேல்படியும் கீழ்ப்படியும் வெவ்வேறாக நகர்ந்து பிரியும். ஒட்டு லேபிள் தாளைப் பின்னோக்கி ஓட்டவே கூடாது. லேபிள் உரிந்து உருளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் அதை எடுக்கப் பொறியைப் பிரிக்க வேண்டியிருக்கும். லேபிள் ஓடும்போது பெட்டிப் பக்கத்தில் கிழித்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பதை முன்பக்கமாகவே ஓட்டி வெளியேற்ற வேண்டும். அதில் இரண்டு மூன்று வரிசை லேபிள் வீணாகும்.